உளுந்து கப்பல் ஏறுது, எண்ணெய் கப்பல்ல வந்து இறங்குது: நம்ம சாப்பாடு எங்கே விளையுது?

பெகு வயல்காரன் (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல பெகு பக்கம் நெல்லும் உளுந்தும் போடுற குடும்பம் எங்களுது. ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், நம்ம ஆளுங்ககிட்ட கேட்டுடலாம்னு எழுதுறேன்.

நம்ம பக்கத்து நடப்பு தெரிஞ்சதுதான். மழைக்கால நெல்லைக் கார்த்திகை, மார்கழியில அறுக்குறோம். வயல்ல மிச்சம் இருக்குற ஈரத்தை நம்பி உழுது உளுந்தைத் தூவுறோம். தண்ணி பாய்ச்சுறது கிடையாது, அடி ஈரமும் பனியும்தான். மாசி, பங்குனியில பிடுங்கிக் காயப்போட்டு அடிச்சு மூட்டை கட்டினா ரங்கூனுக்கு லாரி ஏறிடும். அங்கேருந்து கப்பல். பர்மாக்காரங்க உளுந்தை முளைகட்டிக் கொஞ்சம் சாப்பிடுவாங்க, அவ்வளவுதான். விளையுறதுல பெரும்பங்கு இந்தியாவுக்குப் போகுது.

இப்ப அடுப்படிக்கு வாங்க. அரிசி நம்மது, உளுந்து நம்மது. வெங்காயம் மிஞ்சான் பக்கம், பூண்டு ஷான் மலை, துவரம்பருப்பு மேல் பர்மா. அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, எல்லா மண்ணுலயும் எல்லாம் விளையாது. ஆனா எண்ணெய்? மலேசியா, இந்தோனேசியாவுலேருந்து வர்ற பாமாயில். கடலையும் எள்ளும் மண்டுற நாட்டுல உட்கார்ந்துக்கிட்டு, தாளிக்கிறதுக்குக் கப்பலை எதிர்பார்க்குறோம். யூரியாவும் அப்படித்தான் வருது. பூச்சி மருந்து டப்பாவுல இருக்குற எழுத்தைப் படிக்கக்கூட நமக்குத் தெரியாது.

கப்பல் ஒரு வருஷம் நின்னா நம்ம தட்டுல என்ன இருக்கும்? நம்ம நிலத்துல நமக்குன்னு என்ன போடுறோம்? அவங்கவங்க வீட்டுக் கணக்கை எழுதுங்க. மத்தவங்க குறையைப் பேசவேணாம், நம்ம வயலைப் பத்திப் பேசுவோம்.


ரங்கூன் மண்டி

வயல்காரரே, வணக்கம். பேயினாங் மண்டியில பருப்பு வியாபாரம் பார்க்குறவன் நான். என் பக்கத்தையும் சொல்லணும்.

உளுந்தைக் கப்பல் பயிர்னு ஒதுக்கிப் பேசாதீங்க. 1988க்கு முந்தி ஏற்றுமதி எல்லாம் அரசாங்கத்துக் கையில. தனியார் அனுப்பலாம்னு திறந்துவிட்ட பிறகுதான் நெல் அறுத்த நிலம் பனிக்காலத்துல சும்மா கிடக்காம காசு கொடுக்க ஆரம்பிச்சுது. நெல்லுக்குக் கட்டாயக் கொள்முதல் 2003 வரைக்கும் இருந்துச்சு. அவங்க சொன்ன விலைக்குத்தான் அளக்கணும். அந்த வருஷங்கள்ல விவசாயி குடும்பத்தைத் தாங்கினது உளுந்து. பிள்ளைங்க படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் மாசி மாசத்துப் பணம். நமக்கு வேணுங்கிறதை மட்டும் போட்டா சோறு கிடைக்கும், கடன் அடையாது.

இன்னொண்ணு. நெல்லுக்குப் பின்னாடி நெல்லே போட்டுக்கிட்டு இருந்தா உங்க மண்ணு என்னவாகியிருக்கும்? பயறு வர்றதாலதான் நிலம் மூச்சு விடுது. வாங்குறவன் சென்னையில இருக்கான்கிறதுக்காக அந்தப் பயிர் நம்மதில்லைன்னு ஆயிடுமா?


சிரியம் சின்னக்கா

அடுப்படிக் கணக்கு கேட்டிருக்கீங்க, அடுப்படியில நிக்கிறவ சொல்றேன்.

கடையில எண்ணெயை வீசைங்கிற எடைக் கணக்குல ஊத்திக் கொடுக்குறாங்க. கடலை எண்ணெய்னு சொல்லிக் கொடுக்குறதுலயும் பாமாயில் கலந்திருக்கும், சட்டி சூடானா வாசனையிலேயே தெரிஞ்சுடும். விலை ஏறுனா வீட்டுல முதல்ல குறையுறது எண்ணெய். அப்புறம் பருப்பு. சோறும் புளிச்சக்கீரையும் மட்டும் என்னைக்கும் உண்டு, ஏன்னா ரெண்டும் வீட்டைச் சுத்தியே இருக்கு. அதுவே உங்க கேள்விக்குப் பதில், தம்பி.

ஆனா ஒண்ணு கேட்குறேன். வரப்புல வெண்டை வைக்கலாம், வேலியில பீர்க்கு ஏத்தலாம், முருங்கை நடலாம்னு ஆம்பளைங்க சுலபமா சொல்லிடுறீங்க. தண்ணி ஊத்துறது யாரு? மாசியில கிணறு கீழே போனப்புறம் குடம் தூக்குறது யாரு? வேலையைச் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு அப்புறம் திட்டம் போடுங்க.

முக்கியமா, உளுந்துக்கு மருந்து அடிக்கிற அன்னைக்கு வீட்டுல வந்து சொல்லுங்க. காத்துல அது வரப்புக்கு வரும். அடிச்சது தெரியாம அன்னைக்குச் சாயங்காலம் அதே வரப்புல கீரை பறிச்சுக் குழந்தைக்குக் கடைஞ்சு கொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். நம்ம சாப்பாடு எங்கேருந்து வருதுன்னு யோசிக்கிறவங்க முதல்ல அந்த வரப்புலேருந்து யோசிங்க.


வியாசர்பாடிப் பேரன்

சென்னையிலேருந்து எழுதுறேன். தாத்தா குடும்பம் 1964ல ரங்கூன்லேருந்து கப்பல் ஏறி வந்தது. இங்கே மளிகைக் கடையில பர்மா உளுந்துன்னு கேட்டு வாங்குற வழக்கம் இன்னும் இருக்கு. மொத்த வியாபாரத்துல எஸ்.க்யூ. (உயர்தரம்), எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்) ரெண்டுக்கும் தனித்தனி விலை. நாங்க அரைக்கிற மாவுல உங்க வயலும் இருக்குன்னு இந்த இழையைப் படிக்கும்போதுதான் உறைக்குது.

வயல்காரண்ணே, ஒரு சந்தேகம். தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் நெல் அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, மண் மெழுகுப் பதத்துல இருக்கையில, நிக்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தூவிடுவாங்க. நெல் தரிசு உளுந்துன்னு பேரு. உழவும் கிடையாது, டீசலும் கிடையாது. நீங்க ஏன் அறுத்தபிறகு உழுது தூவுறீங்க?


பெகு வயல்காரன்

தம்பி, நல்ல கேள்வி. தூவிப் பார்க்குறவங்க இங்கேயும் இருக்காங்க. ஆனா இப்ப அறுவடை மெஷின் வந்துடுச்சு. அதோட சக்கரம் போற தடத்துல முளை நசுங்கிடும், பின்னாடி விழுற வைக்கோல் மத்ததை மூடிடும். கையால அறுக்க ஆள் இருந்தா நீங்க சொல்ற முறை தங்கம். ஆள் இல்லாததால உழுறோம். உழுதா ஈரம் ஓடிடும், அதனால உழுத கையோட தூவிப் பரம்படிச்சு மூடணும். ரெண்டு நாள் தள்ளினா முளைப்பு பாதியும் வராது.

மண்டி அண்ணன் மண்ணைப் பத்திச் சொன்னது சரி. ஆனா பயறு போட்டாலே நிலத்துக்குச் சத்து வந்துடும்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பக் கூடாது. பூ எடுக்குற சமயத்துல ஒரு செடியை மண்வெட்டியால மண்ணோட தோண்டி எடுத்து, வாளித் தண்ணியில மெதுவா அலசிப் பாருங்க. கையால இழுத்தீங்கன்னா வேர் முடிச்செல்லாம் உதிர்ந்து மண்ணுக்குள்ளேயே நின்னுடும். வேர்ல கடுகு, மிளகு அளவுல முடிச்சு இருக்கும். ஒண்ணை நகத்தால கீறுங்க. உள்ளே இளஞ்சிவப்பா இருந்தா அது காத்துல இருக்குற தழைச்சத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா வேலை செய்யலை. எங்க வயல்லயே மேட்டுப் பக்கம் சிவப்பு, தண்ணி தேங்குற மூலையில வெறும் வெள்ளை. அந்த மூலைக்கு வடிகால் வெட்டின பிறகு மாறுச்சு.

விதைக்கு ரைசோபியம்ங்கிற பாக்டீரியா உரம் கலக்கலாம். யேசின் ஆராய்ச்சி நிலையத்துல தயார் பண்றாங்க. ஆறின சோத்துக் கஞ்சியில கரைச்சு, விதையைப் புரட்டி, நிழல்ல உலர்த்தி அன்னைக்கே தூவணும். வெயில் பட்டா செத்துடும்.

அப்புறம் அறுவடை. நாம வேரோட பிடுங்கி, களத்துல அடிச்சு, குப்பையைக் கொளுத்துறோம். நிலத்துக்கு வரவேண்டியது புகையாப் போயிடுது. அரிவாளால அறுத்தா வேர் மண்ணுக்கே. அடிச்சபிறகு மிஞ்சுற பொட்டு மாட்டுக்கு, சாணி மறுபடி வயலுக்கு. இதை ஒழுங்கா செய்யுற வயல்ல அடுத்த நெல்லுக்கு யூரியாவைக் குறைச்சாலும் பயிர் வெளுக்கலை. 2021க்கு அப்புறம் உர விலை என்ன பாடு படுத்துதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த மூட்டைப் பணத்தை விட இந்த வேர் பெருசு.

மண்டி அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு. 2015ல இந்தியாவுல மழை பொய்ச்சுப் பருப்பு விலை ஏறினப்ப, போடுங்க போடுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, போட்டோம். 2017 ஆகஸ்ட்ல டெல்லி உத்தரவு போட்டுது: துவரை 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன், அதுக்கு மேல உள்ளே வரக் கூடாதுன்னு. அவங்க விவசாயியைக் காப்பாத்த அவங்க செஞ்சாங்க, அது அவங்க நியாயம். ஆனா இங்கே விலை விழுந்தப்ப நம்மளைக் காப்பாத்த என்ன இருந்துச்சு? வீடு நிறைய உளுந்து, வாங்க ஆளில்லை, எண்ணெய்க்குக் கையில காசில்லை.


தாட்டன் வாத்தியார்

பிள்ளைகளே, இந்தக் கதை நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் வெட்டப்பட்டு நெல் வயலானது. அதை வெட்டியவர்களில், நட்டவர்களில், அறுத்தவர்களில், ஆலையில் மூட்டை சுமந்தவர்களில் நம் முன்னோர்களும் இருந்தார்கள். பணம் கொடுத்தவர்கள் நகரத்தார் செட்டியார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் டன் அரிசி இங்கிருந்து கப்பலேறியது. உலகத்திலேயே அதிகம் ஏற்றுமதி செய்த நாடு இதுதான். 1930இல் உலகச் சந்தை சரிந்ததும் நெல் விலையும் சரிந்தது. கடன் கட்ட முடியாத உழவனின் நிலம் கடன் கொடுத்தவரிடம் போனது. 1938வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. அந்த நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை, பணம் திரும்பாததால் வந்து சேர்ந்தது. உழவனுக்கும் நஷ்டம், கடன் கொடுத்தவருக்கும் கடைசியில் நஷ்டம், நடுவில் கூலிக்கு நின்ற நம் ஆட்கள் மேல் உள்ளூர்க்காரனின் கோபம். 1942இல் ஜப்பான் படை வந்தபோது இந்தியாவுக்கு நடந்து போனவர்களும் 1964இல் கப்பலில் போனவர்களும் அந்தக் கோபத்துக்கும் சேர்த்து விலை கொடுத்தார்கள்.

ஒரு மண்டலமே ஒரே பயிரை, ஒரே திசைக்கு, கடன் வாங்கி விளைவித்தால் விலை சரியும் நாளில் முதலில் பறிபோவது நிலம். மண்டித் தம்பி சொல்வது போல உளுந்து நல்ல பயிர்தான். நெல்லும் நல்ல பயிராகத்தான் இருந்தது.


ரங்கூன் மண்டி

வாத்தியார் ஐயா சொன்னதை மறுக்கலை. 2017 அடியை மண்டியும் வாங்குச்சு, கிடங்குல சரக்கு நின்னு பூச்சி விழுந்தது எனக்குத்தான் தெரியும்.

ஆனா 2021 ஜூன்ல ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுச்சு. 2021-22லேருந்து 2025-26 வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு, வருஷா வருஷம் உளுந்து 2.5 லட்சம் டன், துவரை 1 லட்சம் டன் இந்தியா எடுத்துக்கும்னு. அந்த அஞ்சு வருஷத்துக்கு அது ஒரு பிடிமானமா இருந்துச்சு. உளுந்தையே குறைங்கன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

நான் சொல்ற வழி வேற. உளுந்தைப் போடுங்க, ஆனா அந்தப் பணத்தையே கடைசி வரைக்கும் நம்பாதீங்க. விதைக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பங்கு எடுத்து வச்ச பிறகு மூட்டை கட்டுங்க. எல்லாத்தையும் அளந்துட்டு ஐப்பசியில எங்ககிட்டயே விதை கேட்டு வர்றாங்க. மண்டியில இருக்குற உளுந்து பத்து ஊர்க் கலவை. அது விதை ஆகாது. மஞ்சள் தேமல் நோய் பட்ட வயல்லேருந்து வந்ததா, நல்ல வயல்லேருந்து வந்ததான்னு சொல்ல எங்களால முடியாது.


கடலோரத்துக்காரன் (குஞ்சாங்கோன்)

விதைன்னு பேச்சு வந்ததால எழுதுறேன். 2008 மே 2ஆம் தேதி ராத்திரி நர்கிஸ் புயல் வந்தப்ப எங்க பக்கம் கடலே வயலுக்குள்ள ஏறுச்சு. மனுஷங்க போனதைப் பத்தி இங்கே எழுதக் கை வரலை. மிச்சம் இருந்தவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்ல நாத்து விடணும். பத்தாயத்துல கட்டி வச்ச விதைநெல் உப்புத் தண்ணியில ஊறிப் போச்சு. எருமைங்க செத்துப் போச்சு. வெளியிலேருந்து விதை வந்துச்சு, கொடுத்தவங்க நல்லா இருக்கணும். ஆனா எங்க தாழ்வான நிலத்துல தண்ணி நிக்கும், நெல் உயரமா வளரணும், மழை முடிஞ்சு பகல் குறையுறப்பதான் கதிர் விடணும். குட்டை ரகத்தைக் கொண்டுவந்து நட்டா முங்கிடும்.

அப்ப கைகொடுத்தது மேட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்த தங்கச்சி வீடு. எங்க வீட்டு போசான் நெல் விதையை அவங்க வருஷா வருஷம் கொஞ்சம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அதுலேருந்துதான் மறுபடி பெருக்கினோம். போசான் அரிசி 2011ல உலக அரிசி மாநாட்டுல முதல் பரிசு வாங்கினப்ப எல்லாரும் பேசினாங்க. எங்க வீட்டுல அது ஒரு பானை விதையாத்தான் பிழைச்சு வந்தது.

அதனால சொல்றேன், விதையை ஒரே வீட்டுல வைக்காதீங்க. மேடு, பள்ளம், ரெண்டு ஊர், சொந்தக்காரங்க, சிநேகிதங்கன்னு பிரிச்சு வையுங்க. இப்ப எருமைக்குப் பதிலா கை டிராக்டர் இருக்கு. டீசல் இல்லாத வாரம் அது சும்மா நிக்குது, சாணியும் போடாது.


மோல்மீன் தம்பி

நான் தாய்லாந்துல ஃபேக்டரி வேலையில இருக்கேன். எங்க ஊர்ல என் வயசுப் பையன்களை விரல் விட்டு எண்ணிடலாம். அறுவாளால அறுங்க, கஞ்சியில புரட்டுங்க, வரப்புல நடுங்கன்னு எல்லாரும் எழுதுறீங்க, எல்லாம் நல்லதுதான். ஊர்ல இருக்குறது அம்மாவும் தாத்தாவும். மருந்து அடிச்சா களை சாகும், ஆள் வேணாம். அதனாலதான் அடிக்கிறாங்க. ஆசைப்பட்டு அடிக்கலை.

நான் அனுப்புற பணத்துல வீட்டுல பாமாயில் வாங்குறாங்க. அது தப்பா? கடலை எண்ணெய் வாங்கச் சொன்னா மாசப் பணம் பத்தாது.


சிரியம் சின்னக்கா

தப்புன்னு யாரு சொன்னா, கண்ணு? நீ அனுப்புறதுலதான் அடுப்பு எரியுது. ஏழை வீட்டுல பாமாயில் வாங்குறதைக் குத்தம் சொல்றதுக்கு இந்த இழை இல்ல. 1999லேருந்து தெற்கே தெனசரிம் பக்கம் காட்டை அழிச்சு எண்ணெய்ப் பனை நட்டாங்க. காடும் போச்சு, இறக்குமதியும் நிக்கலை. அப்படிப் பெருசா செய்யுறது நமக்கு வேணாம்.

எனக்கு ஒண்ணு தோணுது. நம்ம கோயில்கள்ல வருஷம் பூரா அன்னதானம் நடக்குது. பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குக் கூடுற கூட்டத்தைப் பாருங்க, எத்தனை அண்டா சோறு, எத்தனை டின் எண்ணெய்! அத்தனையும் கடையிலேருந்து வருது. நம்ம ஊர்க் கோயில் கமிட்டியாவது ஆடி மாசமே உட்கார்ந்து, இந்த வருஷம் இவ்வளவு அரிசி, இவ்வளவு உளுந்து, இவ்வளவு கடலை எண்ணெய் நம்ம விவசாயிங்ககிட்ட எடுத்துக்குறோம்னு முன்கூட்டியே சொல்லட்டும். வாங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சா கால் ஏக்கர்ல கடலை போட ஒருத்தன் துணிவான். வீட்டுச் செலவை யாரும் ஏத்த வேணாம். சாமிக்குச் செய்யுறதை நல்லதாச் செய்வோம்.


ரங்கூன் மண்டி

அக்கா, இது நடக்கும். விலையிலதான் சண்டை வரும், அதுக்கு ஒரு வழி சொல்றேன். எடுக்குற அன்னைக்கு மண்டி விலை என்னவோ அதை நான் எழுதிக் கொடுக்குறேன், கமிஷன் வேணாம். லாரி வாடகை மிச்சமாகும் இல்லையா, அதை விவசாயிக்கும் கோயிலுக்கும் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கலாம். உளுந்தைக் காயவச்சுத்தான் கொடுக்கணும். பல்லுல கடிச்சா பட்டுனு உடையணும், நசுங்கினா திருப்பி அனுப்பிடுவேன்.


தாட்டன் வாத்தியார்

கமிட்டியிடம் பேச வேண்டுமானால் நான் வருகிறேன். ஒரு நிபந்தனையை இப்போதே எழுதி வையுங்கள்: விளைச்சல் தவறினால் விவசாயி கடன்காரன் ஆகக் கூடாது. முன்பணம் கொடுப்பதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்குவோம் என்ற வாக்கு மட்டும் போதும்.


பெகு வயல்காரன்

ஐயா சொல்றது மெத்தச் சரி. முன்பணம் வேணாம்.

எண்ணெயைப் பத்தி என் அனுபவம்: சித்தாங் ஆத்தோரம் தண்ணி வடிஞ்ச படுகை நிலம் கொஞ்சம் இருக்கு. களிமண் வயல்ல கடலை வராது, காய் பிடுங்க முடியாது. அந்த வண்டல் மணல்ல நல்லா வருது. உடைச்ச பருப்புல பத்து வீசை ஆட்டினா நாலு வீசை எண்ணெய் கிடைக்குது, மிச்சம் புண்ணாக்கு. மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்குற செலவு நின்னதை நான் முதல்ல கணக்குல சேர்க்கவே இல்லை, வீட்டுக்காரிதான் எடுத்துச் சொன்னா. அதைச் சேர்த்தா கடை பாமாயிலுக்கும் நம்ம எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம் ரொம்பக் குறைஞ்சுடுது. மோல்மீன் தம்பி, மாடு இருக்குற வீட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. உங்க அம்மாவுக்கு இதைச் சுமையா ஆக்காதீங்க. அவங்களுக்கு வேலி முருங்கை போதும்.


வியாசர்பாடிப் பேரன்

அண்ணே, செக்கா, மெஷினா?


பெகு வயல்காரன்

மெஷின்தான் தம்பி. பக்கத்து ஊர்ல ஒருத்தர் வச்சிருக்காரு. நம்ம கடலையை நம்ம கண்ணு முன்னாடி கொட்டி ஆட்டித் தருவாரு, கூலிக்குக் கொஞ்சம் புண்ணாக்கும் எடுத்துக்குவாரு.


சிரியம் சின்னக்கா

எனக்கு விதைக்கடலை வேணும். எங்க வீட்டுப் பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு. தண்ணி ஊத்துறதுக்கு வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாங்க, இந்த இழையைப் படிச்சுக் காட்டினேன்.


பெகு வயல்காரன்

அக்கா, தோலோட வச்சிருக்கேன். உடைச்சு வாங்கிட்டுப் போய் வச்சீங்கன்னா முளைப்பு போயிடும், நடுறதுக்கு முந்தின நாள் உங்க கையால உடைச்சுக்கோங்க. ரெண்டு வீசை எடுத்து வைக்கிறேன், நாளைக்கு அறுவடையில ரெண்டு வீசையாத் திருப்பிக் கொடுத்தா போதும். அதுக்கு முன்னாடி மண்ணை ஒரு பிடி எடுத்து நனைச்சு உருட்டிப் பாருங்க. உருண்டை காஞ்ச பிறகு விரலால அழுத்தினா உதிருதா, கல்லு மாதிரி நிக்குதா?